மரப்பசை

மரப்பசை என்பது மரத்தோடு மரத்தை இணைக்கத் தச்சுவேலையிலும் பிளைவுட் தயாரிப்பிலும் பயன்படும் ஒட்டுப்பொருள். மூலப்பொருளை வைத்து இதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: விலங்குகளின் தோல், எலும்பு, பால், இரத்தம் ஆகியவற்றிலிருந்து எடுப்பவை, சோயா போன்ற தாவரப் புரதங்களால் ஆனவை, வேதித் தொழிற்சாலைகளில் உருவாகும் செயற்கைப் பிசின்கள். பெரும்பாலான மரப்பசைகளைத் தண்ணீரில் கரைத்தோ கலந்தோதான் பூச வேண்டும். ஒட்டி முடிந்த பிறகு அதே தண்ணீரை அவை தாங்கி நிற்கவும் வேண்டும். மரப்பசையின் வரலாற்றில் நேர்ந்த பெரிய மாற்றங்கள் இந்தச் சிக்கலை ஒட்டியே எழுந்தன.

விலங்குப் பசை

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை நீரில் நெடுநேரம் காய்ச்சினால் ஜெலட்டின் கிடைக்கும். விலங்குப் பசையின் அடிப்படை இதுவே. எகிப்தில் தீப்ஸ் நகரத்தை ஒட்டியுள்ள ரெக்மிரேயின் கல்லறையில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியம் ஒன்று அடுப்பில் பசைச்சட்டியை வைத்து மெல்லிய மரத்தகடுகளை ஒட்டும் தொழிலாளர்களைக் காட்டுகிறது.

இந்தியாவில் வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதை, கோயில் கட்டவும் சிலைகளைப் பதிக்கவும் உதவும் வச்சிரலேபம் என்னும் சாந்து வகைகளை விவரிக்கிறது. அவற்றுள் ஒன்றில் விலங்குகளின் கொம்பும் தோலும் சேர்கின்றன. தமிழ்நாட்டுத் தச்சர்கள் விலங்குப் பசையை வச்சிரம் என்பர்.

வச்சிரக் கட்டிகளை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் சுமார் 60 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி, சூடு ஆறுமுன் பூச வேண்டும். கொதிக்கவிட்டால் புரதச் சங்கிலிகள் அறுந்து பசை வலுவிழக்கும். ஆறும்போது அது கூழாக உறைந்து, நீர் வற்றியதும் இறுகும். ஈரமும் வெப்பமும் பட்டால் மறுபடி இளகிவிடும். வயலின் போன்ற இசைக்கருவிகளைப் பிரித்துப் பழுதுபார்க்க இந்தக் குணம் உதவுவதால், அத்தொழிலில் வச்சிரம் இன்றும் நிலைத்திருக்கிறது. மழையில் நனையும் பொருள்களுக்கு அது பயன்படவில்லை.

பாலும் இரத்தமும் சோயாவும்

ஈரத்தைத் தாங்கும் பசைக்கு ஐரோப்பாவில் பாலாடைக்கட்டி கைகொடுத்தது. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூல் அதன் செய்முறையைத் தருகிறது: மென்மையான பாலாடைக்கட்டியை நறுக்கி, உரலிலிட்டு இடித்து, ஊற்றும் வெந்நீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும், பிறகு அதை அரைத்துச் சுண்ணாம்பு நீரோடு குழைக்க வேண்டும். பாலின் கேசீன் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து, எளிதில் நீரில் கரையாத பொருளாக இறுகுகிறது.

முதல் உலகப் போரில் மரத்தாலான விமானங்களுக்கு கேசீன் பசை பெருமளவில் பயன்பட்டது. இரத்த அல்புமினால் ஆன பசை, சூட்டில் இறுகும் பிளைவுட்டுக்கு உதவியது. 1920களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஐ. எஃப். லாக்ஸ் சோயா மாவிலிருந்து மலிவான பிளைவுட் பசையைத் தயாரித்தார். ஆனால் இவை அனைத்தும் புரதங்கள். தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

செயற்கைப் பிசின்கள்

1907இல் லியோ பேக்லாண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைப்படுத்தி பேக்கலைட்டை உருவாக்கினார். அதே வகைப் பிசின் பிளைவுட்டுக்கு வந்தபோது நிலைமை மாறியது. 1934இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் நகரில், ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலர் ஜேம்ஸ் நெவின் நீர் புகாத பசையை உருவாக்கினார். ஃபீனால் பிசின் இறுகும்போது அதன் மூலக்கூறுகள் முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையைக் கொதிநீரும் கரைக்காது. ஜெலட்டினைப் போல மீண்டும் இளகவும் செய்யாது.

யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் விலை குறைந்தது, நிறமற்றது. ஆனால் ஈரத்தைத் தாங்குவதில் ஃபீனாலுக்குப் பின்தான். இவ்வகையைச் சேர்ந்த ஏரோலைட்டை இங்கிலாந்தில் நார்மன் டி புருய்ன் 1937இல் உருவாக்கினார். பிரிட்டனின் மாஸ்கிட்டோ என்ற மர விமானத்துக்குத் தொடக்கத்தில் கேசீன் பசையே பயன்பட்டது. பின்னர் ஏரோலைட் அதன் இடத்தைப் பிடித்தது.

வெள்ளைப் பசை

ஜெர்மானிய வேதியியலர் ஃபிரிட்ஸ் கிளாட்டே 1912இல் கண்ட வினைல் அசிடேட்டே இன்றைய தச்சுப்பட்டறையின் வெள்ளைப் பசைக்கு மூலம். பாலிவினைல் அசிடேட்டின் நுண்துகள்கள் நீரில் மிதப்பதால் அது பால்போலத் தெரிகிறது. நீர் மரத்துக்குள்ளும் காற்றிலும் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து நிறமற்ற படலமாகின்றன. காய்ச்ச வேண்டியதில்லை, நாற்றமில்லை, திறந்தவுடன் பூசலாம். இந்தியாவில் 1959இல் அறிமுகமான ஃபெவிகால் இவ்வகையைச் சேர்ந்தது. வச்சிரச் சட்டி பட்டறைகளிலிருந்து மெல்ல மறைய இவ்வகைப் பசைகள் காரணமாயின. சாதாரண வெள்ளைப் பசையும் நீரில் ஊறினால் வலுவிழக்கும். குறுக்குப் பிணைப்பு சேர்த்த வகைகள் கூடுதலாகத் தாங்கும்.

இன்றைய நிலை

யூரியா பிசின் பலகைகளிலிருந்து காலப்போக்கில் ஃபார்மால்டிஹைடு வெளியேறும். 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பல நாடுகள் வெளியேற்றத்துக்கு வரம்பு விதித்துள்ளன. நீரைத் தாங்கும் வலுவோடு, வீட்டுக்குள் கசியும் நச்சும் இப்போது பசைத் தேர்வில் அளவுகோலாகிவிட்டது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைச்சாங் லீ, கடற்பாறையில் ஒட்டி வாழும் சிப்பிகளின் புரதத்தை ஆராய்ந்து, சோயா மாவை ஃபார்மால்டிஹைடு இல்லாத பிளைவுட் பசையாக மாற்றினார். 2000களின் நடுவில் அது தொழிற்சாலைகளில் பயன்பாட்டுக்கு வந்தது.