ஷா ஆலமிலிருந்து கேரவன் பயணம்: பழைய சாலையில் பார்க்க என்ன இருக்கு?

பள்ளி விடுமுறைக்கு கேரவன் வாடகைக்கு எடுத்து, ஷா ஆலமிலிருந்து ஈப்போ பக்கம் போறீங்களா? வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனால், வழியிலுள்ள சிற்றூர்கள் கண்ணில் படாது. கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வழியாகச் செல்லும் கூட்டரசு 5ஆம் சாலையைப் பிடிங்க.

முதலில் எங்கே நிறுத்தலாம்?

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகையாளர் கட்டியது. வெளியே பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான்! ஊருக்குத் தண்ணீர் சேமிக்க உள்ளே தொட்டி வைத்தார்கள். மென்மையான மண் அந்தப் பாரத்தைத் தாங்காததால் கோபுரம் சாய்ந்தது.

அடுத்து?

தஞ்சோங் துவாலாங்கில் 'டி.டி.5' என்ற ஈயக் கப்பல். 1938-இல் கட்டப்பட்டது, எடை 4,500 டன். தண்ணீரில் மிதந்தபடியே ஈய மண்ணைத் தோண்டி எடுத்த இந்த ராட்சத இயந்திரம், 1982-இல் ஓய்ந்தது.

கெல்லி மாளிகையில் நம்ம கதை என்ன?

பத்து காஜா அருகே, ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய மாளிகை இது. வேலைக்கு மதராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார். ஸ்பானிஷ் காய்ச்சலில் பல தொழிலாளர்கள் இறந்தபோது, மற்றவர்கள் கேட்டபடி மாரியம்மன் கோயில் கட்டித் தந்தார். நன்றிக்கடனாக, கோயில் கூரையில் சாமி சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறக்க, மாளிகை பாதியில் நின்றது.

பலரும் மாளிகையைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிடுறாங்க. கோயில் அங்கிருந்து பக்கம்தான். மாளிகைக்குத் துரையின் பெயர் இருக்கு. அதைக் கட்டியவர்களின் நினைவாக நிற்பது அந்தக் கோயில். அங்கேயும் வண்டியை நிறுத்துங்க.