ஆளுக்கொரு எடிட்டர்: ஈமாக்ஸ் பிறந்த கதை

போன செமஸ்டர் லேப் தேர்வில் எனக்கு வழக்கமான கணினி கிடைக்கவில்லை. வேறொன்றில் உட்கார வைத்தார்கள். ஈமாக்ஸ் இருந்தது, ஆனால் என் செட்டிங்ஸ் இல்லை. நண்பனிடமிருந்து அப்படியே காப்பி செய்த செட்டிங்ஸ் ஃபைலோடு ஒரு வருடம் பழகிய விரல்கள் தடுமாறின. பாதி நேரம் அதிலேயே போய்விட்டது. பிறகு படித்துப் பார்த்தால், ஈமாக்ஸ் உருவானதே கிட்டத்தட்ட இதே தொல்லையால்தானாம்!

கதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் டான் மர்ஃபி அங்கே டெகோ என்ற எடிட்டரை எழுதினார். அதன் கட்டளைகள் ஒற்றை எழுத்துகள். உங்கள் பெயரை டெகோவில் அடித்தால் என்ன நடக்கும் என்று யூகிப்பதே ஒரு விளையாட்டாம் :-)

1972இல் கார்ல் மிக்கல்சன், விசையைத் தட்டியவுடன் மாற்றம் திரையில் தெரியும் வசதியைச் சேர்த்தார். 1974இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு படி மேலே போனார். எந்த விசையைத் தட்டினாலும் நாமே எழுதிய டெகோ புரோகிராம் ஓடும்படி செய்துவிட்டார். இதுதான் மேக்ரோ.

அவ்வளவுதான், ஆய்வகத்தில் ஆளாளுக்கு மேக்ரோ எழுத ஆரம்பித்தார்கள். விளைவு? ஒருவருடைய எடிட்டரில் இன்னொருவரால் வேலை செய்ய முடியவில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு உதவப் போனால் எந்த விசை என்ன செய்யும் என்றே தெரியாது.

இதைச் சரிசெய்ய கை ஸ்டீல், டேவிட் மூன் போன்றோர் எல்லா மேக்ரோக்களையும் ஒழுங்குபடுத்தும் வேலையில் இறங்கினார்கள். அதை முடித்துக் கொடுத்தவர் ஸ்டால்மன். 1976இல் வந்த அந்தத் தொகுப்புக்குப் பெயர் ஈமாக்ஸ், அதாவது 'எடிட்டர் மேக்ரோஸ்'. மாற்றும் உரிமையை அவர்கள் பறிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றைப் போட்டார்கள். நீங்கள் செய்யும் நல்ல மாற்றங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஸ்டால்மன் வைத்த நிபந்தனை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். 1978இல் பெர்னார்ட் கிரீன்பெர்க் மல்டிக்ஸ் கணினிக்காக ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அவருடைய அலுவலகச் செயலாளர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். எடிட்டரை எப்படி மாற்றிக்கொள்வது என்று கையேடு சொன்னது. அதற்குப் பெயர் புரோகிராமிங் என்று மட்டும் சொல்லவில்லை. "நமக்கு இதெல்லாம் வராது" என்று பயப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் அவர்கள் லிஸ்ப் கற்றுக்கொண்டார்கள் என்று ஸ்டால்மன் பின்னாளில் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார்.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. 1984இல் ஸ்டால்மன் எழுதத் தொடங்கி, 1985இல் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸிலும் லிஸ்ப்தான் உள்ளே இருக்கிறது. இன்று நாம் செட்டிங்ஸ் என்று எழுதும் ஒவ்வொரு வரியும் உண்மையில் ஒரு லிஸ்ப் புரோகிராம்.

என் தவறு இப்போது புரிகிறது. பொது அடித்தளத்தையும் கற்கவில்லை, மாற்றங்களையும் நானே எழுதவில்லை. தேர்வு முடிந்த அன்றே அந்தக் காப்பி ஃபைலை அழித்தேன். முதலில் ஈமாக்ஸின் சொந்த விசைகளைப் பழகினேன். இப்போது என் ஃபைலில் 14 வரிகள்தான் இருக்கின்றன. எந்த வரி எதற்கு என்று கேட்டால் சொல்வேன்!

ஈமாக்ஸின் பங்காளியான விஐ பற்றி இன்னொரு நாள் பேசுவோம். உங்கள் ஃபைலில் எத்தனை வரிகள் நீங்களே எழுதியவை?