வண்டலூர் காரும் பின்சக்கர பிரேக்கும்

ஊரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் வண்டலூர், தெற்கே போனால் மறைமலைநகர். இரண்டுமே கார் தயாரித்த ஊர்கள். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1988 வரை இயங்கியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது.

1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக். 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்.டி.1 காரின் உருவம். அன்றைய சொகுசு வண்டி. அதிலும் முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது, இங்கிலாந்தில் ஓடிய மூல ரோவரும் அப்படித்தான். பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரத்துக்கு வேலை குறைவு. ஹேண்ட் பிரேக்கை டிரம்மில் இணைப்பதும் சுலபம்.

1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னையின் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. பிரேக் பாகங்களுக்குச் சென்னை பெயர் பெற்றது.

அந்தக் காலத்து மெக்கானிக், டிரம்மைக் கழற்றி, ஷூவில் தேய்ந்த லைனிங்கைப் பெயர்த்துவிட்டு, புதியதை வைத்து ரிவெட் அடிப்பார். ஷூ அதேதான், மேல்தோல் மட்டும் புதிது. லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. உள்ளே படிந்த தூளை வாயால் ஊதித் தட்டுவது பட்டறை வழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்கு எவ்வளவு கேடு என்பதை ஊதியவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்தத் தலைமுறைக்கு நாம் பட்ட கடன் பெரிது.

மறைமலைநகரில் உருவான எண்டெவர் போன்ற பெரிய வண்டிகளில் பின்னாலும் டிஸ்க் வந்தபோது, ஷூவின் இடத்தில் பேட் உட்கார்ந்தது. ரிவெட் வேலை போய், இரண்டு போல்ட்டில், பேட்டை அழுத்தும் கேலிப்பர் கழன்றுவரும் வேலையானதால், வீட்டு வாசலிலேயே பேட் மாற்றுகிறவர்கள் வந்தார்கள். ஒரு சிக்கல் உண்டு. தடித்த புதிய பேட் உட்கார, கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முன்சக்கரத்தில் அதை அழுத்தினால் உள்ளே போய்விடும். பின்னால் ஹேண்ட் பிரேக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில், பெரும்பாலும் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். நேராக அழுத்தினால் கேலிப்பர் கெடும். மோட்டார் வைத்த பார்க்கிங் பிரேக் என்றால், முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதிய பேட் கல்நார் இல்லாததாக இருந்தாலும், தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துங்கள்.