வீட்டுத் தீவிர உடற்பயிற்சித் திட்டங்கள்

ஜிம்முக்குப் போகாமல் வீட்டிலேயே, இத்தனை நாள் என்று அட்டவணை போட்டு, உடல் தாங்கும் எல்லை வரை உழைக்க வைக்கும் பயிற்சித் தொகுப்புகள் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை கனடா விமானப்படையின் 5பிஎக்ஸ், அமெரிக்காவின் பி90எக்ஸ், இன்சானிட்டி ஆகியவை. மூன்றுமே வியர்வை சிந்த வைப்பவை; ஆனால் மூன்றின் பலனும் ஒன்றல்ல. தசை பெருக்க ஒன்று, மூச்சு வலுக்க ஒன்று, உடற்கட்டு நெடுநாள் குலையாமல் காக்க ஒன்று எனப் பிரித்தறிந்து தேர்ந்தால்தான் உழைப்பு வீணாகாது.

தொடக்க வரலாறு

வீட்டுப் பயிற்சியை அச்சிட்ட திட்டமாக்கி உலகெங்கும் கொண்டுசென்றவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த இவர், மேடைகளில் பளுதூக்கிப் புகழ்பெற்ற பின் 1897இல் லண்டனில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். வலிமையையும் அதைப் பெறும் வழியையும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. எந்த வயதினர் எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்வது, எத்தனை நாளுக்கொரு முறை எண்ணிக்கையைக் கூட்டுவது என்பதற்கு அதில் அட்டவணைகள் இருந்தன. இரண்டு பாதிகளுக்கு நடுவே சுருள்வில் வைத்த டம்பெல்லும் அவருடையதே. அதை இறுகப் பிடித்து வில்லை அழுத்தியபடியே கையை மடக்க வேண்டும் என்பதால், எடை குறைவான கருவியிலும் முழுக் கவனமும் தசைமேல் நின்றது. 1901 செப்டம்பர் 14 அன்று தம் முறையில் பயின்ற மாணவர்களுக்காக லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களில் ஒருவராக இருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்தினார். அவர் பெயர் இங்கே பட்டமாகவே நிலைத்தது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் இருப்பது அதுவே.

சாண்டோவுக்கு நேரெதிர்க் கொள்கை உடையவர் டென்மார்க்கின் ஜோர்கன் பீட்டர் முல்லர். 1904இல் வந்த இவரது நூல் கருவி எதுவும் வேண்டாம் என்றது. குளியலும், உள்ளங்கையால் உடலைத் தேய்த்துவிடுவதும் சேர்த்து நாளுக்கு 15 நிமிடம் போதும்; சன்னல் திறந்திருக்க வேண்டும்; ஆடை குறைவாக இருக்க வேண்டும் என்பவை அவர் விதிகள். எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா பல ஆண்டுகள் இம்முறையைக் கைக்கொண்டிருந்தார். தசைப் பருமனைவிட நுரையீரல், தோல், செரிமானம் ஆகியவற்றின் நலமே பெரிது என்ற முல்லரின் கருத்து, இன்றைய கருவியில்லாப் பயிற்சிகளின் மூலங்களுள் ஒன்று.

மூன்றாமவர் இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் அட்லஸ். இயற்பெயர் ஏஞ்சலோ சிசிலியானோ. ஒரு கையை மறு கை எதிர்த்துத் தள்ளுவதுபோல உடலின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்கு எதிராக இயக்கும் முறையை 1920களிலிருந்து தபால் வழிப் பாடங்களாக விற்றார். கடற்கரையில் பலசாலி ஒருவனால் அவமதிக்கப்பட்ட ஒல்லிப் பையன் இப்பாடங்களைப் பயின்று திரும்பி வந்து பழிதீர்க்கும் படக்கதை விளம்பரம், அமெரிக்கச் சிறுவர் இதழ்களில் பல பத்தாண்டுகள் ஓடியது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்து ஆசை காட்டும் இன்றைய விற்பனை முறையின் வேர் இங்கேதான் உள்ளது.

இந்தியாவில் தண்டாலும் பஸ்கியும் இவர்கள் எல்லோருக்கும் முற்பட்டவை. ஆயினும் அவை அக்காடா என்னும் மல்யுத்தக் கூடத்தில் குருவின் கண்முன் செய்யப்பட்டவை. வீட்டில் தனியே செய்யும் அட்டவணையாக இருக்கவில்லை. ஔந்து அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தை அன்றாட வீட்டுப் பயிற்சியாகப் பரப்பினார். பெங்களூரின் கே. வி. ஐயர் உடற்கட்டுப் பாடங்களைத் தபாலில் அனுப்பி மாணவர்களைச் சேர்த்தார். அறைக்குள் ஒருவர் நிற்கும் இடம் போதும், கருவி வேண்டாம், சுற்று எண்ணிக்கையைக் கூட்டினால் கடுமையும் கூடும் என்பதால் சூரிய நமஸ்காரத்தை முழுமையான வீட்டுத் தீவிரப் பயிற்சியாகவே கொள்ள வேண்டும்.

5பிஎக்ஸ்

இத்துறையின் மிகச் சிறந்த படைப்பு இதுவே. 1950களில் கனடா விமானப்படை விமானிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடல்தகுதி குறைந்தவராக இருந்தார். பலர் தொலைதூர முகாம்களில் பணியாற்றினர். அங்கே ஜிம் இல்லை, நேரமும் இல்லை. அவர்களுக்காக உடற்பயிற்சி ஆய்வாளர் பில் ஓர்பன் வகுத்த திட்டம் நாளுக்கு 11 நிமிடம் மட்டுமே கேட்டது. நீண்ட நேரம் செய்வதைவிடக் கடுமையாகச் செய்வதே உடல்தகுதியை உயர்த்தும் என்ற அவரது முடிவை அன்று பலர் நம்பவில்லை.

பயிற்சிகள் ஐந்து. குனிந்து கால்விரலைத் தொடுதல் 2 நிமிடம். மல்லாந்து கிடந்து எழுதல், குப்புறக் கிடந்து தலையையும் காலையும் உயர்த்துதல், தண்டால் மூன்றும் ஒவ்வொரு நிமிடம். நின்ற இடத்திலேயே ஓடுதல் 6 நிமிடம். எந்த நாளும் நேரம் கூடுவதில்லை. அதே 11 நிமிடத்துக்குள் செய்ய வேண்டிய எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். மொத்தம் 6 அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் 12 படிகள். அட்டவணை மாறும்போது பயிற்சியின் வடிவமும் கடினமாகும்; முதல் அட்டவணையில் முழங்காலை ஊன்றி எடுக்கும் தண்டால், பின்னர் முழுத் தண்டாலாகி, அதற்கும் பின் கைதட்டி எடுப்பதாக வளரும். 20 வயதுக்கு உட்பட்டவர் ஒரு படியில் குறைந்தது ஒரு நாளும், 60ஐத் தாண்டியவர் குறைந்தது 10 நாளும் நிற்க வேண்டும். தாண்டிக் குதிக்க அனுமதி இல்லை. பெண்களுக்கென 10 பயிற்சிகள், 12 நிமிடம் கொண்ட எக்ஸ்பிஎக்ஸ் என்னும் இணைத் திட்டமும் வந்தது.

காலை நீட்டியபடி மல்லாந்து எழுவதும், உந்தி உந்திக் குனிவதும் கீழ்முதுகுக்கு நல்லதல்ல என்பது பிற்காலத் தெளிவு. முழங்காலை மடக்கிக்கொண்டால் முதல் குறை தீரும். இழுக்கும் பயிற்சி ஒன்றுகூட இல்லாதது பெரிய குறை. முதுகுத் தசையும் புஜத்தின் முன்தசையும் இத்திட்டத்தில் போதிய வேலை பெறுவதில்லை.

திரையும் ஆய்வும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜாக் லலேன் 1951 முதல் ஒற்றை நாற்காலியை வைத்தே இல்லத்தரசிகளுக்குப் பயிற்சி தந்தார். 1982இல் வெளிவந்த நடிகை ஜேன் ஃபாண்டாவின் ஒளிநாடா வீட்டுக் கூடத்தை ஏரோபிக்ஸ் வகுப்பாக்கியது.

தீவிரப் பயிற்சிக்கு அறிவியல் அடிப்படை தந்த ஆய்வுகளுள் பெயர்பெற்றது 1996இல் ஜப்பானின் இசுமி தபாட்டா வெளியிட்டது. நிலைமிதிவண்டியில் 20 வினாடி முழு மூச்சாக மிதித்து 10 வினாடி ஓய்வெடுப்பதை 7, 8 முறை செய்த குழுவையும், ஒரு மணி நேரம் மிதமாக மிதித்த குழுவையும் 6 வாரம் ஒப்பிட்டார். இரு குழுவிலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் உயர்ந்தது. ஆக்சிஜன் போதாத நிலையில் உழைக்கும் திறன் முதல் குழுவில் மட்டும் 28 சதவீதம் கூடியது. இந்தக் குழு ஆய்வில் எட்டிய கடுமையை வீட்டில் துள்ளிக் குதிப்பவர் எட்டுவது அரிது. தபாட்டா என்ற பெயரில் வீட்டுக்கு வரும் 4 நிமிடக் காணொளிகளில் பெரும்பாலானவை அப்பெயருக்கு உரியவை அல்ல.

பி90எக்ஸும் இன்சானிட்டியும்

இரண்டையும் வெளியிட்டது 1998இல் தொடங்கிய பீச்பாடி நிறுவனம். டோனி ஹார்ட்டன் வழிநடத்தும் பி90எக்ஸ் 90 நாள் திட்டம், 12 குறுந்தகடுகள். புல்-அப் கம்பியும், டம்பெல் அல்லது இழுவை ரப்பரும் வேண்டும். மார்பும் முதுகும் ஒரு நாள், தோளும் கையும் ஒரு நாள், காலும் முதுகும் ஒரு நாள் எனப் பளுப்பயிற்சி; இடையே துள்ளல், யோகா, கென்போ என்னும் தற்காப்புக் கலை அசைவுகள். மூன்று வாரம் உழைத்தபின் ஒரு வாரம் உடலைத் தேறவிடும் ஏற்பாடு இதன் சிறப்பு. பயிற்சியை மாற்றி மாற்றித் தசையைக் குழப்பினால் வளரும் என்பது இதன் விளம்பர வாசகம். தசை குழப்பத்தால் வளர்வதில்லை. ஏறிவரும் பளுவால்தான் வளர்கிறது. இத்திட்டம் பலன் தருவதற்குக் காரணம் ஒவ்வொரு முறையும் எடையையும் எண்ணிக்கையையும் தாளில் குறித்து அடுத்த முறை கூட்டச் சொல்வதே.

ஷான் டி வழிநடத்தும் இன்சானிட்டி 2009இல் வந்தது. 60 நாள், கருவி கிடையாது. குறுகிய கடுமை, நீண்ட ஓய்வு என்ற வழக்கமான இடைவெளிப் பயிற்சியை இது தலைகீழாக்கியது: ஏறத்தாழ 3 நிமிடம் கடும் உழைப்பு, அரை நிமிடம் ஓய்வு. இரு வாரத்துக்கு ஒருமுறை எட்டு அசைவுகளை நிமிடக் கணக்கில் எண்ணிப் பார்க்கும் சோதனை உண்டு. இரண்டாம் மாதப் பயிற்சிகள் முதல் மாதத்தைவிட நீண்டவை.

நோக்கத்துக்கேற்ற தேர்வு

தசை வேண்டுபவருக்கு பி90எக்ஸ். கையில் இழுக்கவும் தூக்கவும் பளு இருப்பதால் அந்த வேலையை மூன்றில் இது மட்டுமே முழுமையாகச் செய்யும். ஓட்டக்காரர், கபடி, கால்பந்து ஆடுபவர் போன்று இளைப்பைத் தள்ளிப்போட விரும்புவோருக்கு இன்சானிட்டி. ஆனால் அதைத் தொடங்கும்போதே ஓரளவு தகுதி இருக்க வேண்டும். பல ஆண்டு உட்கார்ந்தே வேலை செய்தவர், நாற்பதைத் தாண்டியவர், நேரமில்லாதவர் ஆகியோர் 5பிஎக்ஸ் அட்டவணையின் கீழ்ப்படியில் தொடங்குவதே முறை. எடையைக் குறைக்க மூன்றில் எதுவும் தனித்து உதவாது. தட்டில் விழும் சோற்றின் அளவே அதை முடிவு செய்யும். பி90எக்ஸ் பெட்டிக்குள் உணவுத் திட்டமும் வைக்கப்பட்டதன் காரணம் இதுதான்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிப்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கேடு. காலணியும் தடித்த விரிப்பும் தேவை. பழக்கமில்லாத உடலை முதல் வாரத்திலேயே வதைத்தால் தசையணுக்கள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசைவலியுடன் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்றைய நிலை

குறுந்தகடுகளின் இடத்தைச் செயலிகளும் காணொளிகளும் பிடித்துவிட்டன. பீச்பாடி 2023இல் பாடி எனப் பெயர் மாறியது. வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் வரை கடும் உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைகளுள் ஒன்று. இதய நோய், இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்திட்டங்களில் எதையும் தொடங்கக் கூடாது.