மலைமண்ணும் ஆற்றுவாயும்

வட சிலாங்கூரின் ராசா ஊரில் பிறந்தவர்களுக்குக் கடல் தூரம். ஊர்க்கதை கேட்டால் தண்டவாளம், ஈய லம்பம் (சுரங்கம்), பால்மரம் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆற்றை யாரும் சொல்வதில்லை. ரயில் வருவதற்கு முன் வட சிலாங்கூரின் வாழ்வு முழுக்க சிலாங்கூர் ஆற்றின் மேல்தான் நடந்தது. அந்த ஆற்றின் வாய் தூர்ந்ததில் எங்கள் பக்கத்து மலைமண்ணுக்கும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

அந்த ஆற்றுவாயில் இருக்கும் கோலசிலாங்கூர் ஒரு காலத்தில் அரசிருக்கை. மெலாவத்தி குன்றின் மேல் நின்றால் கடலும் ஆறும் ஒன்றாகத் தெரியும். குன்று யார் கையில் இருக்கிறதோ, ஆற்றில் இறங்கும் ஈயத்துக்கு அவரே வரி வாங்குவார். அதனால்தான் அதற்கு அத்தனை சண்டை. 1784-ல் டச்சுக்காரர்கள் குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். பகாங்குக்குத் தப்பிப் போன சுல்தான் இப்ராகிம் அடுத்த ஆண்டே ஆள் திரட்டி வந்து மீட்டார். 1871-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ முகத்துவாரத்துக்கு வந்து குண்டு பொழிந்தது. பினாங்கிலிருந்து கிளம்பிய ஒரு சீன மரக்கலத்தைக் கொள்ளையர் பிடித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

ஆற்றின் மேற்பகுதியில், எங்கள் பக்கத்துக் கோலகுபுவைச் சுற்றி, மலைச்சரிவை நீரால் அரித்து ஈயம் எடுத்தார்கள். ஈயம் படகில் இறங்கியது. அரித்த மண் ஆற்றில் இறங்கியது. 1883 அக்டோபரில் ஊருக்கு மேலிருந்த பழைய அணை உடைந்து, பிரிட்டிஷ் அதிகாரி செசில் ராங்கிங் உட்படப் பலர் வெள்ளத்தில் மாண்டார்கள். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்ற கதையை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். அணை உடைந்தது ஒரு நாள் கொடுமை. மணல் அப்படியில்லை, ஆண்டுக்கு ஆண்டு ஆற்றுப்படுகையை உயர்த்திக்கொண்டே போனது. கடைசியில் 1920களில் பழைய ஊரைக் கைவிட்டு, மேட்டில் கோலகுபு பாருவைக் கட்ட வேண்டியதாயிற்று. பருமணல் வழியிலேயே தங்கிவிடும். மென்சேறு மட்டும் கடல்வரை போகும். உப்புநீர் பட்டதும் கட்டிகட்டியாகத் திரண்டு ஆற்றுவாயிலேயே படியும்.

அதற்குள் கப்பல்களுக்கு வேறு வாசல் திறந்துவிட்டது. 1890களில் ரயில் எங்கள் பக்கம் வந்ததும் ஈயம் படகை மறந்தது. 1901 செப்டம்பரில், கிள்ளான் ஆற்றின் வாயருகே, தீவுகளின் மறைவில் ஆழம் இருந்த இடத்தில், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அதைச் சாய்த்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்து, காட்டை வெட்டவைத்து அந்தத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறியவர். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார். பினாங்கிலிருந்து தெற்கே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் சிலாங்கூர் கரை. மெலாவத்தி குன்றின் விளக்கும் அந்தப் பக்கம்தான். தான் பிற்பாடு குளிக்கப்போகும் ஆற்றின் வாயை அவர் கடலிலிருந்தபடியே தாண்டிப் போனார். கப்பல் அங்கே நிற்காது. கிள்ளான் வாயில்தான் துறைக்கு வழிகாட்டும் பைலட் ஏறுவார், அங்கேதான் இறங்க வேண்டும், இறங்கிய பின் ரயில். அவரைப் போன்றவர்கள் கரையேறிய கதையில் சிலாங்கூர் ஆறு இல்லாமல் போனது அதனால்தான்.

ஆனால் ஆற்றை விட்டுத் தமிழர்கள் விலகவில்லை. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொனியே 1905-ல் மலாயாவுக்கு வந்து, ஆற்றோர ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் நட்டார். 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் அவர் போட்ட செம்பனைதான் இந்த நாட்டின் முதல் வணிக நடவு. பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930-ல் கோன்கூர் பரிசு வாங்கினார். அந்தத் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டிக் கால்வாய் தோண்டிய தமிழ்க் கைகளுக்குப் பரிசும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கடலோரத் தென்னந்தோட்டத்தில் என் தாய்மாமன் வாட்டர்கேட் எனும் நீர்க்கதவைப் பார்த்துக்கொண்டார். இந்தக் கரையில் பெருக்கு பெரிது. அமாவாசை, பௌர்ணமி கழித்து ஓரிரு நாளில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் கதவைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விட வேண்டும். பெருக்கு திரும்புமுன் அடைத்துவிட வேண்டும். பெருக்கு நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போவதால் அவருடைய தூக்கமும் கூடவே தள்ளிப்போகும். கதவிடுக்கில் ஒரு கட்டை சிக்கினால் போதும், உப்பு உள்ளே வந்து தென்னை மஞ்சளாகிவிடும். கரைமண்ணில் நண்டு துளைத்த ஓட்டைகளை அவர் காலால் தடவியே கண்டுபிடிப்பார். “ஆயர் பாசாங் (பெருக்கு) வந்துட்டா யாரையும் கேக்காதுடா, மருமகனே” என்பார். கப்பலோட்டியின் பாதி அறிவு அது. தரையில் நின்றபடி அவர் அதைக் கற்றார். கோலசிலாங்கூருக்கு எதிர்க்கரையான பாசிர் பெனாம்பாங் மீனவர்களும் அதே நிலவைப் பார்த்துத்தான் ஆற்றுவாயின் சேற்றுத் திட்டைத் தாண்டி உள்ளே வருவார்கள். இரவில் ஆற்றின் திருப்பங்களுக்கு அடையாளம் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாய் மின்னும் மின்மினிகள்.

பத்தாங் பெர்ஜுந்தையில் அப்போது வேறொரு கப்பலும் இருந்தது. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்து நகர்ந்த ஈயக்கப்பல் அது. இரவு பகலாய் வாளிச் சங்கிலி இரைந்துகொண்டிருக்கும். ஈயத்தின் விலை சரிந்த பின் அந்த இரைச்சலும் நின்றது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலகுபு பாருவுக்கு மேலே புதிய அணை வந்தது. கெராச்சி, பெர்த்தாக் கிராமங்களின் தெமுவான் பழங்குடி மக்கள் இடம் மாறினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் நீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுநீர்தான். மேலிருந்து நன்னீர் குறைந்தால் கடலுப்பு ஆற்றில் மேலே ஏறும்; ஏறினால் பெரெம்பாங் பட்டுப்போகும், மின்மினியும் போகும். அணைக் கதவைத் திறந்து மூடுபவர்களுக்கு மழைக்கணக்கு மட்டும் போதாது என்பேன். என் மாமனைப் போல முகத்துவாரத்தின் பெருக்கும் வற்றமும் அவர்களுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.