குரல் மாறிய குழு

மல்லாவிப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: வேடம் கட்டுபவர் மாறினாலும் மெட்டு மாறாது. மெற்றல் இசைக்குழுவில் அப்படியில்லை. பாடகர் போனால் பாட்டின் முகமே மாறிவிடும்.

டில்லியில் கிற்றார் கலைஞர் கேசவ் தர் தொடங்கிய 'ஸ்கைஹார்பர்' இதற்கு நல்ல சாட்சி. 2012இல் வந்த முதல் அல்பத்தில் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் பிரித்தானியரான டானியல் டொம்ப்கின்ஸ். 2014இல் வெளிவந்த 'கைடிங் லைட்ஸ்' அல்பத்திலும் அவர் குரலே ஒலித்தது.

மறுவருடம் அவர் விலகினார்.

அமெரிக்கரான எரிக் எமரி அந்த இடத்துக்கு வந்தார். அவர் பாடிய 'சன்ஷைன் டஸ்ட்' 2018 செப்டெம்பரில் வெளியானது. இரண்டு அல்பங்களுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு வருட இடைவெளி. பழைய குரலை நகலெடுக்காமல் புதியவருக்கு இடம்விட்டதே அக்குழுவின் துணிவு.