நேரடி இணைப்பும் பதிப்புரிமையும்

பிறர் தளத்திலுள்ள கட்டுரை, படம், ஒலி, காணொளி எதற்கானாலும், அத்தளத்தின் முகப்பைக் காட்டாமல் நேரே கொண்டுபோய் விடும் சுட்டி நேரடி இணைப்பு எனப்படும். சுட்டி எதையும் நகலெடுப்பதில்லை. கோப்பு இருக்கும் முகவரியை மட்டும் சொல்கிறது. நகலை வைத்தே மீறலை அளந்து பழகிய பதிப்புரிமைச் சட்டத்துக்கு இது தொடக்கம் முதலே தலைவலி.

பெயர்பெற்ற முதல் வழக்கு ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் எழுந்தது. ‘ஷெட்லாந்து டைம்ஸ்’ வார ஏட்டின் முன்னாள் ஆசிரியர் ஜொனாதன் வில்ஸ், ‘ஷெட்லாந்து நியூஸ்’ என்ற இணைய ஏட்டை நடத்தினார். பழைய ஏட்டின் தலைப்புகளை அப்படியே போட்டு, சொடுக்கினால் செய்திக்கே போகும்படி வைத்தார். ஏட்டின் முகப்புக்கு வேலையில்லாமல் போயிற்று. 1996 அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இணையதளமும் ஒருவகைக் கேபிள் நிகழ்ச்சிச் சேவையே என்ற வாதத்தில் பொருளிருக்கிறதாம்! 1997இல் சமரசம் ஆயிற்று: தலைப்புக்குக் கீழே ‘ஷெட்லாந்து டைம்ஸ் செய்தி’ என்ற வரியும் பக்கத்தில் ஏட்டின் சின்னமும் இருக்கவேண்டும். இறுதித் தீர்ப்பு வரவேயில்லை.

அமெரிக்காவில் 2006இல், மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் நேரடி ஒலிபரப்புக்கு இணைப்புக் கொடுத்த ஒருவருக்கு எதிராக டெக்சாஸ் நீதிமன்றம் ஆணையிட்டது. அவர் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடியவர் என்பதால் அதை வலுவான முன்னுதாரணமாகக் கொள்வது கடினம். அடுத்த ஆண்டே ‘பெர்ஃபெக்ட் 10’ வழக்கில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘சர்வர் சோதனை’யை ஏற்றது: படம் யாருடைய சர்வரில் இருக்கிறதோ அவரே அதைக் காட்சிப்படுத்துகிறார்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சர்வரை விட்டுவிட்டுப் பார்வையாளரைக் கவனித்தது. ஸ்வென்சன் வழக்கில் (2014), எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புத் தந்தால் ‘புதிய பொதுமக்கள்’ யாரும் சேர்வதில்லை, ஆகவே அனுமதி வேண்டாம் என்றது. மூலமே திருட்டுப் பதிவேற்றமாக இருந்தால்? 2016இல் ‘ஜிஎஸ் மீடியா’ வழக்கில் விடை வந்தது: லாபத்துக்காக இணைப்பவர், அது திருட்டு என்று அறிந்தவராகவே முதலில் கருதப்படுவார், அறியாததை அவர்தான் நிறுவவேண்டும். பொழுதுபோக்காக இணைப்பவருக்கு இந்தச் சுமை இல்லை. 2021இல், உரிமையாளர் தொழில்நுட்பத் தடை போட்டிருக்க, அதைத் தாண்டி உட்பொதிப்பதும் (தன் பக்கத்துக்குள்ளேயே தெரியவைப்பதும்) மீறல் என்றாயிற்று.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், இணைப்புத் தருவதற்காக ஏற்படும் தற்காலிகச் சேமிப்புக்கு விலக்களிக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் செய்தால், சேமிப்புக்குப் பொறுப்பானவர் 21 நாள் அணுகலை நிறுத்திவைக்கவேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம்.

அமெரிக்காவிலோ சர்வர் சோதனை எல்லா ஊரிலும் செல்லுபடியாகவில்லை. உட்பொதித்த ட்விட்டர் படம் பற்றிய வழக்கில் 2018இல் நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது; 2023இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் இன்ஸ்டாகிராம் வழக்கில் அதையே மீண்டும் உறுதிசெய்தது.